ஏன் அந்த ஆண்டில்? நவீன இந்திய வரலாற்றை மேல்நிலை வகுப்பில் படிக்கும் முறை

பிளாசி 1757, பக்சார் 1764, வேலூர் 1806, பெரும்புரட்சி 1857, காங்கிரசு 1885, வங்கப் பிரிவினை 1905, தண்டி 1930, விடுதலை 1947 என்று ஒப்பித்துக்கொண்டே பள்ளிக்கு நடந்து வரும் மாணவர்களை ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. இப்படி ஒப்பித்த ஆண்டுகள் தேர்வு அறையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தேர்வு முடிந்த இரண்டு வாரங்களில் மறந்தும் போகின்றன. பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த வழி ஒன்றுதான்: ஓர் ஆண்டைப் படித்தவுடன், "இது ஏன் அந்த ஆண்டில் நடந்தது? பத்து ஆண்டுகளுக்கு முன்போ பின்போ ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டு, விடை கிடைத்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். இந்தக் கேள்வியைப் பாடம் முழுவதற்கும் எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கீழே விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் வாசிப்பு

பாடநூல் கைக்கு வந்ததும் பேனாவை எடுத்து அடிக்கோடிடத் தொடங்காதீர்கள். எது முக்கியம் என்பது முழுப் பாடத்தையும் படித்த பிறகுதான் தெரியும். முதல் வாசிப்பில் அடிக்கோடிட்டால் பக்கத்தில் பாதி மையாகிவிடும். ஒரு பாடத்தை ஒரே அமர்வில், ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்ய முயலாமல், தொடக்கம் முதல் இறுதி வரை படியுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் ஆட்சியதிகாரம் யாரிடம் இருந்தது, முடிவில் யாரிடம் இருந்தது, இடையில் என்ன மாறியது என்று நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள். அடிக்கோடு இரண்டாம் வாசிப்பில்தான் வர வேண்டும். அப்போதும் பென்சிலால் மட்டும்.

மூன்று வரிசைக் காலக்கோடு

பெரும்பாலான மாணவர்கள் காலக்கோட்டை ஒற்றை வரிசையில் வரைகிறார்கள். அது நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையை மட்டுமே காட்டும். ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. ஒரு நீளமான சார்ட் பேப்பரில் மூன்று வரிசைகள் வரைந்துகொள்ளுங்கள். மேல் வரிசையில் லண்டனிலும் உலகின் பிற இடங்களிலும் நடந்தவை; நடுவில் கல்கத்தாவிலோ டெல்லியிலோ, இந்திய அளவில் நடந்தவை; கீழ் வரிசையில் சென்னை மாகாணத்தில் நடந்தவை. வேறு மாநிலத்தில் படிப்பவர்கள் தங்கள் பகுதியைக் கீழ் வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

1905 முதல் 1908 வரையிலான பகுதியை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில், 1905இல் ஜப்பான் ரஷ்யாவைப் போரில் வென்றது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை வெல்ல முடியும் என்ற செய்தி இந்தியப் பத்திரிகைகளில் பெரும் எழுச்சியோடு பேசப்பட்டது. நடு வரிசையில், 1905 அக்டோபர் 16 அன்று வைஸ்ராய் கர்சனின் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது; அயல்நாட்டுப் பொருள் புறக்கணிப்பும் சுதேசி இயக்கமும் வலுப்பெற்றன. கீழ் வரிசையில், 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்; 1908 பிப்ரவரியில் அதே ஊரில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது; மார்ச் மாதத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள், திருநெல்வேலி கொந்தளித்தது.

இப்போது கேள்வியைக் கேளுங்கள். வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததற்குத் தூத்துக்குடியில் ஏன் கப்பல் விட வேண்டும்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வணிகம் ஓர் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. உள்ளூர் வணிகர்களுக்கு அதனால் ஏற்கெனவே நெருக்கடி இருந்தது. சுதேசி என்ற கொள்கை அந்த நெருக்கடிக்கு ஓர் அரசியல் வடிவத்தைக் கொடுத்தது. ஆக, இந்திய அளவிலான ஓர் அலை உள்ளூரில் முன்பே இருந்த ஒரு குறையோடு சேரும்போதுதான் போராட்டம் பிறக்கிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்ட மாணவருக்கு 1906 என்ற எண் மறக்காது. 1905க்கு முன் அந்தக் கப்பல் ஓடியிருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

காங்கிரசின் தோற்றத்துக்கும் இதே முறைதான். 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் 72 பேர் கூடினார்கள் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஏன் 1885? வைஸ்ராய் லிட்டனின் காலத்தில், 1878இல், இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்தது. 1883இல், இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்த இல்பர்ட் மசோதாவை எதிர்த்து இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒன்றுதிரண்டு கிளர்ச்சி செய்து அதை நீர்த்துப்போகச் செய்தார்கள். அமைப்பாகத் திரண்டால் அரசைப் பணியவைக்க முடியும் என்பதை அந்தக் கிளர்ச்சியே இந்தியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கீழ் வரிசையைப் பார்த்தால், 1878இல் தி இந்து, 1882இல் சுதேசமித்திரன், 1884இல் சென்னை மகாஜன சபை. பம்பாய்க் கூட்டத்தின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர், அந்த இரு பத்திரிகைகளின் தோற்றத்திலும் பங்குகொண்ட ஜி.சுப்பிரமணிய அய்யர் என்பது அதன் பிறகு தற்செயலாகத் தோன்றாது.

உப்பை வைத்து ஒரு பயிற்சி

இந்தக் கேள்வியின் முழுப் பயனையும் காண, 1930ஆம் ஆண்டைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. உப்பு வரி 1930இல் புதிதாக வந்ததன்று. கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்தே இருந்தது. அப்படியானால் ஏன் 1930இல் உப்பு?

நூலில் சிதறிக் கிடக்கும் காரணங்களை ஒரு தாளில் சேர்த்து எழுதுங்கள். இந்திய அரசியல் சீர்திருத்தங்களை ஆராய 1927இல் அறிவிக்கப்பட்ட சைமன் குழுவில் ஓர் இந்தியர்கூட இல்லை. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரசு முழு விடுதலையே நோக்கம் என்று தீர்மானித்தது. 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. தீர்மானம் ஆகிவிட்டது, போராட்ட வடிவம்தான் இல்லை. காந்தி தம்முடைய பதினோரு கோரிக்கைகளை வைஸ்ராய் இர்வினின் முன் வைத்தார். உப்பு வரியை நீக்குவது அவற்றுள் ஒன்று. அரசு செவிசாய்க்கவில்லை. மார்ச் 2 அன்று காந்தி இர்வினுக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 பேருடன் நடக்கத் தொடங்கினார்.

78 பேர் மட்டும் ஏன் என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் காவலர்கள் உயிரிழந்தார்கள்; காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். ஆகவே அடுத்த முறை, தாமே பயிற்சி கொடுத்த ஆசிரமவாசிகளை மட்டும் முதலில் அழைத்துச் சென்றார். இவ்வாறு பார்க்கும்போது 1922உம் 1930உம் தனித்தனி வினாக்களாக இல்லாமல் ஒரே மனிதர் ஒரே சிக்கலுக்கு இரண்டு முறை தேடிய விடைகளாகத் தெரிகின்றன.

கீழ் வரிசைக்கு வருவோம். ஏப்ரல் 13 அன்று இராஜாஜி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார். அது 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த அதே தேதி. தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், நடைப்பயணிகளுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று எச்சரித்தார். மக்கள் அந்த எச்சரிக்கையை மீறி உணவு கொடுத்தார்கள். தொண்டர்கள் ஏப்ரல் இறுதியில் வேதாரண்யத்தை அடைந்து உப்பு எடுத்துக் கைதானார்கள். மாணவர்கள் இந்தப் பகுதியை எழுதும்போது பெரும்பாலும் இராஜாஜியின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். சோறு கொடுப்பதே குற்றமாக அறிவிக்கப்பட்ட நிலையில் சோறு கொடுத்த அந்த ஊர் மக்களைப் பற்றி ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன். அவர்களைச் சேர்க்காவிட்டால், "மக்கள் இயக்கம்" என்று நாம் எழுதும் சொல்லுக்கு விடைத்தாளில் சான்று இருக்காது.

எண்ணைச் சொன்னவர் யார்

நவீன வரலாற்றில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு எண்கள் இருப்பது வழக்கம். மாணவர்கள் இதைக் கண்டு குழம்பி, "எது சரியான விடை?" என்று ஆசிரியரைக் கேட்பார்கள். குழப்பத்தைத் தீர்க்க, எண்ணோடு அதைச் சொன்னவரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் இறந்தவர்கள் 379 பேர் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது காங்கிரசு அமைத்த விசாரணைக் குழுவின் மதிப்பீடு. ஜெனரல் டயரின் படை 1650 தோட்டாக்களைச் சுட்டது என்பது அரசு அமைத்த ஹண்டர் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. வெளியேறும் வழிகள் குறுகலான, சுவர் சூழ்ந்த ஒரு திடலில், நெருக்கமாகக் கூடியிருந்த மக்கள்மீது 1650 குண்டுகள் சுடப்பட்டால் என்ன நேரும் என்பதை மாணவரே எண்ணிப் பார்க்கலாம். விடைத்தாளில், "அரசின் கணக்குப்படி 379 பேர், காங்கிரசு விசாரணைக் குழு இதைவிட மிக அதிகம் என மதிப்பிட்டது" என்று எழுதுவதே முறையானது.

தேதிகளிலும் இதே சிக்கல் உண்டு. சௌரி சௌரா நிகழ்ச்சிக்குச் சில நூல்கள் பிப்ரவரி 4 என்றும் சில பிப்ரவரி 5 என்றும் குறிப்பிடுகின்றன. தேர்வுக்கு உங்கள் பாடநூல் தரும் தேதியையே எழுதுங்கள். ஆனால் நூல்கள் வேறுபடக்கூடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களிலும் ஒரு தரப்பின் பார்வை ஒளிந்திருக்கிறது. 1857ஐச் சிப்பாய்க் கலகம் என்று எழுதினால் அது ஆட்சியாளரின் கோப்பில் இருந்த சொல். முதல் விடுதலைப் போர் என்று எழுதினால் அது தேசியவாதிகள் கொடுத்த பெயர். பெரும்புரட்சி என்பது இரண்டுக்கும் இடையில் வருகிறது. எதை எழுதினாலும் யாருடைய சொல்லை எழுதுகிறோம் என்ற தெளிவோடு எழுத வேண்டும்.

இரு தரப்பினரும் நம் மதிப்புக்குரியவர்களாக இருக்கும் இடங்களில்தான் இந்தப் பயிற்சி கடினமாகிறது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதிகளை, அதாவது அந்த மக்கள் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையை, வழங்கியது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தீர்ப்பில் மாகாண அவைகளுக்கு 71ஆக இருந்த இடங்கள் 148ஆக உயர்ந்தன. ஆனால் தனித்தொகுதி போய், எல்லோரும் வாக்களிக்கும் பொதுத்தொகுதியில் ஒதுக்கீடு என்றானது. பல மாணவர்கள் இடங்கள் இரட்டிப்பாயின என்று மட்டும் எழுதிப் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். தம் மக்களின் பிரதிநிதியைத் தம் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அம்பேத்கர் ஏன் கேட்டார், அது இந்து சமூகத்தை நிலையாகப் பிளந்துவிடும் என்று காந்தி ஏன் அஞ்சினார் என்ற இரண்டையும், அவரவர் ஏற்றுக்கொள்ளும் சொற்களில், தலா மூன்று வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். சென்னை மாகாணத்திலேயே கருத்து ஒன்றாக இல்லை: வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் சென்றவர் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜாவோ 1932இல் பொதுத்தொகுதியை ஆதரித்தார்.

மூன்று சட்டங்கள்

1909, 1919, 1935 ஆகிய மூன்று சட்டங்களையும் மாற்றி எழுதுவது மிகப் பரவலான பிழை. பிரிவுகளை முழுமையாக மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொன்றிலும் புதிதாக வந்தது எது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1909இல் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வந்தது. சுதேசி எழுச்சிக்குப் பின் மிதவாதிகளையும் முஸ்லிம் தலைவர்களையும் அரசு தன் பக்கம் வைத்துக்கொள்ள விரும்பிய காலம் அது. 1919இல் மாகாணங்களில் இரட்டையாட்சி வந்தது; அதாவது சில துறைகள் இந்திய அமைச்சர்களிடமும் மற்றவை ஆளுநரிடமும் இருந்தன. முதல் உலகப் போரில் இந்தியாவின் ஆதரவுக்காக, 1917இல், படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று வாக்களித்திருந்தார்கள். 1935இல் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வந்தது. இரட்டையாட்சி மத்திக்கு மாற்றப்பட்டது, ஆனால் மத்தியில் அது நடைமுறைக்கே வரவில்லை. மாகாணத் தன்னாட்சியின் விளைவாகத்தான் 1937இல் தேர்தல் நடந்து இராஜாஜியின் அமைச்சரவை சென்னையில் பொறுப்பேற்றது. புதிதாக வந்தது நினைவில் இருந்தால் மற்றவை அதைச் சுற்றி வந்து சேரும்.

விடை எழுதுதல்

நெடுவினாவுக்கு விடை எழுதத் தொடங்கும்போது, "இந்திய விடுதலை வரலாற்றில் இது ஒரு மகத்தான நிகழ்வாகும்" என்பது போன்ற முன்னுரையால் இரண்டு வரிகளை வீணாக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே எங்கே, எப்போது, யார் என்பவை வந்துவிட வேண்டும். அடுத்து, நீண்டகாலக் காரணங்களையும் உடனடிக் காரணத்தையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொண்டால், உடனடிக் காரணம் புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளையும் தாடியையும் தடைசெய்த ஆணையும். ஆனால் அதனால் மட்டும் 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் திப்புவின் கொடி ஏறியிருக்காது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய குடும்பம் அந்தக் கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தது; 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டுப் பாளையக்காரர் எதிர்ப்பு நசுக்கப்பட்டிருந்தது. தலைப்பாகை ஆணை இந்தக் காயங்களின் மேல்தான் விழுந்தது. ஏன் 1806 என்பதற்கு இரண்டு பத்திகளும் சேர்ந்தே விடை தருகின்றன. இறுதியாக விளைவு: ஆர்க்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே கிளர்ச்சியை அடக்கியது, ஆணை திரும்பப் பெறப்பட்டது, ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார். வாய்ப்புள்ளவர்கள் வேலூர்க் கோட்டையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து இந்த விடையை எழுதிப் பாருங்கள். விடையின் நடையே மாறியிருக்கும்.

படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, நூலை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும். ஒரு பாடத்தைப் படித்த மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் வேறு நிற மையால் சேர்த்துவைத்தால், தேர்வுக்கு முந்தைய நாள் அந்த நிறத்தை மட்டும் பார்த்தால் போதும்.

1947க்குப் பின்

விடுதலையோடு பாடம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் அடுத்து வரும் பாடங்களை விரைந்து புரட்டிச் செல்கிறவர்கள் அதிகம். எனக்கு இதுவே மிகப் பெரிய இழப்பாகப் படுகிறது. ஏனென்றால் இந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1965 மொழிப்போராட்டத்தின்போது கல்லூரியில் படித்தவர்களுக்கு இப்போது வயது எண்பதை நெருங்கியிருக்கும். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையின்போது வேலையில் இருந்தவர்கள் பலர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தாத்தாவிடமோ அப்பத்தாவிடமோ உட்கார்ந்து, "அப்போது கல்லூரிகளை மூடினார்களா? செய்தி எப்படித் தெரிந்தது? வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தேதியை அவர்கள் மாற்றிச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். பிறகு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய நினைவும் ஒரு தரப்பின் சான்றுதான் என்பதை, எண்களைப் பற்றி மேலே சொன்ன அதே கவனத்தோடு கருதுங்கள்.

மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டதற்கும் கேள்வி அதேதான்: ஏன் 1956? மொழிவாரி மாகாணங்கள் என்ற கொள்கையைக் காங்கிரசு 1920இல் தன் அமைப்பு அளவில் ஏற்றிருந்தும், விடுதலைக்குப் பின் நேருவின் அரசு தயங்கியது. சமயத்தின் பெயரால் நாடு பிரிந்த வேளையில் மொழியின் பெயரால் இன்னொரு பிளவு வந்துவிடும் என்ற அச்சம் அதற்கு இருந்தது. ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பில் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. தயக்கத்தின் அணை ஓரிடத்தில் உடைந்தபின், மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரையையொட்டி 1956 நவம்பர் 1 அன்று மற்ற எல்லைகளும் மாறின.

இந்தப் பாடத்துக்கு மட்டும் வரைபடத்தைக் கட்டாயம் கையால் வரையுங்கள். 1947இல் இருந்த சென்னை மாகாணத்தை மெல்லிய பென்சில் கோட்டால் வரைந்து, 1953இல் வடக்கே பிரிந்து போனதை ஒரு நிறத்திலும், 1956இல் கேரளத்துக்குப் போன மலபாரையும் மைசூருக்குப் போன தென் கன்னடத்தையும் இன்னொரு நிறத்திலும் தீட்டுங்கள். அதே நாளில் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த கன்னியாகுமரிப் பகுதியையும் செங்கோட்டையையும், 1960இல் வந்த திருத்தணியையும் மூன்றாம் நிறத்தில் குறியுங்கள். பிறகு உங்கள் ஊர் எந்த நிறத்துக்குள் விழுகிறது என்று பார்த்து, அந்த ஊரின் பெயரை உங்கள் கையெழுத்தில் அங்கே எழுதுங்கள்.